படத்தில் முடிந்த படிப்பு

நான் படிக்கும் பல்கலைக்கழகத்தின் வாசிப்பறையில் ஆள் அசையாமல் இருந்தால் விளக்கு தானாகவே அணைந்துவிடும். பின்லாந்தின் வடக்கில், குளிர்காலத்தில் மத்தியானமே இருண்டுபோகும் ஊர் இது. கணக்கொன்றில் மூழ்கியிருப்பேன், சட்டென்று இருட்டு. கையைத் தூக்கி ஆட்டினால்தான் உள்ளே ஆள் இருப்பதைக் கட்டடம் ஒப்புக்கொள்ளும். வந்த புதிதில் சிரிப்பாக இருந்தது. அப்பா இறந்த படிப்புத் தவணையில் கையை ஆட்டாமல் இருட்டிலேயே இருந்து பழகிவிட்டேன்.

அந்தத் தவணையின் புள்ளிகளைத்தான் இறுதியாண்டில் ஆலோசகர் கணினித் திரையில் காட்டினார். எல்லாப் பாடங்களிலும் சித்தியடைந்திருந்தேன், ஆனால் மட்டுமட்டாக. "அந்த மாதங்களில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டார். "இங்கேதான், நூலகத்தில்," என்றேன். அவர் எதையோ எதிர்பார்த்து என்னையே பார்த்தார். பஸ்ஸில் திரும்பும்போதுதான் புரிந்தது, எனக்கு என்ன நடந்தது என்று விசாரித்திருக்கிறார். வசந்தத்தில் இந்தப் புள்ளிகளோடே பட்டம் பெற்று வெளியேறலாம். ஆனால் நான் ஆசைப்பட்ட நீரியல் முதுமாணிப் படிப்புக்கு அவை போதாது. இல்லையென்றால் பட்டத்தை ஒரு வருடம் தள்ளிவைத்து அந்தப் பாடங்களைத் திரும்பப் படிக்கலாம். அந்த இருட்டுக்குள் இன்னொருமுறை போக வேண்டும். விடுமுறை முடிந்து வந்து சொல்கிறேன் என்றேன்.

அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்காக எங்கள் ஊரான நெடுந்தீவுக்குப் போனேன். செத்தவீட்டுக்குப் போக முடிந்திருக்கவில்லை. என் பின்லாந்து வதிவிட அனுமதி புதுப்பிப்பில் கிடந்தது, வெளியேறியிருந்தால் திரும்ப நுழைவது நிச்சயமில்லை. குறிகட்டுவான் துறையில் படகேறியபோது மழை விட்டிருந்தது. மாரிக்கடல் அன்று அலையே இல்லாமல் ஈய நிறத்தில் கிடந்தது. இறங்குதுறையிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் பாதி வீடுகள் பூட்டியிருந்தன. அப்படியொரு வீட்டு முற்றத்தில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரையொன்று நின்று, வீட்டுக்காரரைப் போல என்னைப் பார்த்தது.

வாசலில் நின்று அம்மாவைக் கூப்பிட்டேன். குசினிப் பக்கமிருந்து வந்தவரை எனக்குத் தெரியாது. பக்கத்து வளவுக்காரர் கனடாவில் இருக்க, அவர்களின் வீட்டைப் பார்த்துக்கொள்ள வவுனியாவிலிருந்து புதிதாக வந்திருக்கும் மலர் அக்கா அவர் என்று பிறகு அறிந்தேன். என்னைக் கண்டதும் அவர் கையிலிருந்த அரிசிச் சுளகு நழுவி விழுந்தது.

"ஐயோ... நீர் படத்தில இருக்கிற பிள்ளையெல்லோ?"

"என்ன படம் அக்கா?"

உள்ளே கையைக் காட்டினார். "நீரும் செத்துப்போனீரெண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்."

சுவரில் அப்பாவின் படம். பக்கத்தில், அதே அளவில், அதே சட்டத்தில் நான். கறுப்பு அங்கி, சதுரத் தொப்பி, கையில் சுருட்டிய சான்றிதழ். இரண்டுக்கும் நடுவில், இறந்தவர்களின் படத்துக்கு எரியவிடும் சிறிய சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. முகம் என்னுடையது, எப்போதோ அம்மாவுக்கு அனுப்பிய படத்திலிருந்து எடுத்தது. தோளும் கைகளும் யாருடையவோ. மெலிந்த நீண்ட விரல்கள், ஒன்றில் என்னிடம் இல்லாத மோதிரம். என்னை அறியாமலே என் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அம்மா கோயிலிலிருந்து வந்தார். நான் எதன் முன்னால் நிற்கிறேன் என்று பார்த்துவிட்டு, கதிரையில் உட்கார்ந்தார்.

"யாழ்ப்பாணத்தில ஸ்டூடியோவில குடுத்துச் செய்விச்சனான்," என்றார் பிறகு. "கொப்பர் கடைசிக் கிழமை கண்ணைத் திறக்கேக்கையெல்லாம் பிள்ளை முடிச்சிட்டாளோ எண்டுதான் கேட்டவர். எனக்குப் பொய் சொல்ல வாய் வரேல்லை. படத்தைக் காட்டினன்."

"அப்பா பார்த்திட்டு என்ன சொன்னவர்?"

"கையைத்தான் பார்த்தவர். பிள்ளை நல்லா மெலிஞ்சு போச்சு, அங்கை சாப்பாடு சரியில்லைப் போலை எண்டவர்."

நான் அங்கிருந்த நாளெல்லாம் ஊர் என்னைப் பட்டதாரியாகவே நடத்தியது. கடையில் வாழ்த்தினார்கள், திவசத்துக்கு வந்தவர்கள் வேலை எப்போது என்று கேட்டார்கள். படித்து முடித்த யாரோ ஒருத்தியின் வீட்டில் விருந்தாளியாக இருப்பதுபோலக் கூச்சமாக இருந்தது. வசந்தத்தில் அவசரமாக முடித்தால் அது அந்தப் படத்தைத் துரத்திப் பிடிப்பதற்காகத்தான் இருக்கும் என்று தோன்றியது. அதைப் பார்க்க வேண்டியவர் பார்த்துவிட்டாரே.

புறப்படும் நாள் காலை, தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னேன்.

"அம்மா, நான் இந்த வருசம் முடிக்கப் போறேல்லை. அப்பா போன நேரம் புள்ளி குறைஞ்ச பாடங்களைத் திரும்பப் படிக்கப்போறன்."

அம்மா துருவுவதை நிறுத்தவில்லை. "ஊருக்கு நீ முடிச்சிட்டாய்தானே. இனி ஆரும் அவசரப்படுத்த மாட்டினம். ஆறுதலாப் படி."

"அப்ப அந்தப் படத்தைக் கழட்டுங்கோவன்."

"அது ஏலாது. கொப்பர் பார்த்த படம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பல்பை வேணுமெண்டா கொப்பரின்ரை பக்கம் தள்ளி வைக்கிறன்," என்றார்.

வசந்தத்தில் கூடப் படித்தவர்கள் முடித்துப் போனார்கள். எங்கள் பல்கலைக்கழகத்தில் இந்தப் பட்டத்துக்கு அங்கியும் இல்லை, தொப்பியும் இல்லை. சான்றிதழ் தபாலில் வரும். படத்தில் இருப்பவளைப் போல நான் ஒருநாளும் நிற்கப்போவதில்லை. திரும்ப எழுதிய முதற் பாடத்தின் புள்ளி போன கிழமை வந்தது. நல்ல புள்ளி. அம்மாவுக்குச் சொல்ல வீடியோவில் அழைத்தேன். பேசிக்கொண்டிருக்கும்போது மலர் அக்காவின் குரல் கேட்டது.

"ஆரோடை கதைக்கிறியள்?"

"மகளோடை," என்றார் அம்மா.

திரையின் ஓரத்தில் மலர் அக்கா தெரிந்தார். முதலில் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். பிறகுதான் தொலைபேசியைப் பார்க்கக் குனிந்தார்.