பனி மிசினுக்கு எண்ணெய்க் காப்பு

பங்களாத் தோட்டத்துக்குப் புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது சம்பளத்தைப் பற்றி அல்ல. “பரமேஸ்வரி அக்கா, மெனேஜர் மேல ஐஸ் அடிச்சது நீங்கதானாமே?” என்றுதான் கேட்கிறார்கள். நான்தான். ஆனால் கதை தோட்டத்து லய வீடுகளையெல்லாம் சுற்றி, இப்போது அவரை நான் கழுத்துவரை புதைத்துவிட்டதாகப் போய்க்கொண்டிருக்கிறது. அவ்வளவெல்லாம் இல்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மிசின் ஓட்டப் போகிறவர்களுக்கு நடுவில் கொஞ்சம் தொழில் சங்கதியும் கிடைக்கும்.

1. வாயோடு வந்த டிரெக்டர்

அக்கரப்பத்தனைக்கு மேலே ஒரு பழைய துரை பங்களாவை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நான் அங்கே பூந்தோட்ட வேலைக்கு மாறி வந்தேன். கொழும்பிலிருக்கும் முதலாளிக்கு, ஏலத்தில் மலிவாக எது கிடைத்தாலும் வாங்கிவிடுகிற பழக்கம். ஒருநாள் லொறியில் ஒரு சின்னச் சிவப்பு டிரெக்டர் வந்து இறங்கியது. ஆள் உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டுகிற ஜாதி. புல் வெட்டும் பிளேட்டைத்தான் காணவில்லை. அதற்குப் பதிலாக முன்னால் ஒரு பெரிய இரும்பு வாய். வாய்க்குள் முறுக்குச் சுற்றியது போல் ஒரு திருகு. வாய்க்கு மேலே வளைந்த குழாய்.

தலைமைத் தோட்டக்காரர் மருதமுத்து அண்ணன் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “இது கெழங்கு தோண்டுற மிசினு. எனக்குத் தெரியும்.”

மெனேஜர் போனில் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார். “பனி வாருற மிசின். வெளிநாட்டுல ரோட்டுல இடுப்பளவு பனி விழுமாம். அத இந்த வாயால வாரி, குழாய் வழியா தூர வீசுமாம்.”

“நம்ம ஊருல இடுப்பளவு பனிக்கு எங்கங்க ஐயா போறது?” என்றேன்.

“அத மொதலாளிகிட்ட கேளு.”

முதலாளியிடம் யார் கேட்பது? வாயைக் கழற்றி வைக்கலாம் என்றால் போல்ட்டெல்லாம் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. வாயைத் தூக்கிக் கட்டிவிட்டு, பின்னால் ஒரு டிரெய்லரை மாட்டினோம். முதலில் ஏறி உட்கார்ந்தவர் மருதமுத்து அண்ணன். பிரேக்கைத் தேடிக்கொண்டே போய்ப் பூவேலிக்குள் இறங்கினார். அடுத்ததாக என்னை ஏறச் சொன்னார்கள். என் வீட்டுக்காரரின் த்ரீவீலை ஓட்டிப் பழகியிருந்ததால் நான் வேலிக்கு வெளியிலேயே ஓட்டினேன்.

அன்றிலிருந்து விறகு, உரம், விருந்தாளிகளின் பெட்டி எல்லாம் என் வண்டியில்தான். உட்கார்ந்துகொண்டே செய்கிற வேலை. முதுகில் கூடை இல்லை, காலில் அட்டை இல்லை. சொல்வதற்கென்ன, அந்த சீட்டின் மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது. மெனேஜர் மட்டும் அடிக்கடி ஞாபகப்படுத்துவார். “மிசின் இருக்கிற வரைக்குந்தான் இந்த வேல. மிசின் போச்சுன்னா நீ மறுபடி மலைக்குத்தான்.”

2. பெட்டரிக்குப் போர்வை

ஜனவரி பிறந்ததும் மிசினுக்கு வேலை செய்ய மனம் வரவில்லை. எங்கள் பக்கம் விடியற்காலையில் புல்லெல்லாம் உப்புக் கொட்டியது போல் வெளுத்துக் கிடக்கும். இஞ்சின் ஒயில் பாகு மாதிரி இறுகிவிடும். சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

மருதமுத்து அண்ணன் ஒரு சட்டியில் நெருப்புத் தணலோடு வந்தார். “டேங்குக்கு அடியில வச்சிட்டா அஞ்சு நிமிசத்துல பத்திக்கும்.”

“மிசினா, நாமளாண்ணே?” என்று கேட்டுத் தணலை வாங்கிக் குளிர்காய்ந்தேன்.

குளிரில் முதலில் சாகிறது பெட்டரி. அதைத் தினமும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளி, சாக்கில் சுற்றி வைப்பேன். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்து, “எனக்கு விரிச்சத விட அதுக்கு நல்ல போர்வையா இருக்கே” என்றார். உங்களை நம்பி விறகு ஏற்ற முடியாதே என்றேன். காலையில் பெட்டரியை மாட்டி, சோக்கை முழுதாக இழுத்து, செல்ஃபை விட்டு விட்டு அடிக்க வேண்டும். பிடித்த பிடியில் அடித்தால் பிளக் நனைந்துவிடும். பிடித்துக்கொண்டதும் உடனே ஓட்டக் கூடாது. சத்தம் ஒரு சீராக வரும்வரை தேத்தண்ணி குடிக்கலாம்.

ஆனால் நான் தேத்தண்ணி குடிப்பது மட்டும்தான் மெனேஜர் கண்ணில் பட்டது. கீழ்நாட்டுக்காரர், இரண்டு சுவெட்டர் போட்டும் நடுங்குவார். நடுங்குகிற மனிதருக்குப் பொறுமை கிடையாது. பெப்ரவரிக் கடைசியில் தலவாக்கலையிலிருந்து பழைய இரும்புக்காரரை வரவழைத்துக் காட்டிவிட்டார். “ஞாயித்துக்கெழம மொதலாளி விருந்தாளிங்களோட வாறாரு. அவரு கண்ணு முன்னால இது உருப்படியா ஒரு வேல செய்யணும். இல்லாட்டி திங்கக்கெழம இரும்புக்காரன் வருவான்.”

இரும்புக்காரர் தட்டிப் பார்த்தது டிரெக்டரைத்தான், வலித்தது எனக்கு.

3. அண்ணனின் பூசை

“மிசினுக்கு இன்னும் பூசையே போடல, அதான் சோம்பிக் கெடக்கு” என்றார் மருதமுத்து அண்ணன். சனிக்கிழமை காலையில் பூசை போட்டோம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், வாய்க்குச் சந்தனம் குங்குமம். சாமி காரியத்துக்குக் கிழக்குப் பார்க்க வேண்டும் என்று, மேலே இருக்கும் குழாயைக் கிழக்கே திருப்பி வைத்தார். அத்தோடு விட்டிருக்கலாம். கோயில் கும்பாபிஷேகத்தில் சாமிக்கு எண்ணெய்க் காப்புச் சாத்துவதைப் பார்த்தவர் அல்லவா? ஒரு போத்தல் தேங்காய் எண்ணெயோடு வந்தார். எண்ணெய் கட்டியாக உறைந்திருந்தது. அதை அடுப்போரம் வைத்து உருக்கி, குழாய் சுழல்கிற வளையத்தில் போத்தலைக் கவிழ்த்துவிட்டார்.

“இனி வழுக்கிக்கிட்டுத் திரும்பும் பாரு” என்றார். உண்மையில் அப்போது வழுக்கிக்கொண்டுதான் திரும்பியது. அவர் அதை மறுபடி கிழக்கே பார்க்க வைத்துக் கும்பிட்டார்.

அன்று பகல் இடி இடித்து ஆலங்கட்டி மழை கொட்டியது. எங்கள் பக்கம் அது புதிதில்லை. ஆனால் அப்படியொரு கொட்டு நான் கண்டதில்லை. கூரையில் விழுந்ததும் மேட்டிலிருந்து உருண்டதும் சேர்ந்து, பங்களா வாசலிலிருந்து கேட்டுவரை பாதையில் முழங்கால் உயரத்துக்கு நிரம்பியது. இரவுக் குளிரில் மேல்பக்கம் ஓடாகவே இறுகிவிட்டது.

4. கிழக்கே வராந்தா

ஞாயிறு காலை முதலாளியின் வேன் கேட்டில் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. மேலே வர வழியில்லை. மண்வெட்டியோடு போன ஆட்கள் கேட்டுப் பக்கத்திலேயே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

அப்போதுதான் எனக்குப் பளிச்சென்றது. இடுப்பளவு இல்லாவிட்டாலும் முழங்காலளவு வந்திருக்கிறதே. பெட்டரியை மாட்டினேன். முதல் அடியிலேயே பிடித்துக்கொண்டது. அண்ணன், “பாத்தியா, பூச” என்றார். பெட்டரி, போர்வை என்று நான் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

மிசினை வாசலுக்குக் கொண்டுவந்து கேட்டைப் பார்த்து நிறுத்தி, தூக்கிக் கட்டியிருந்த வாயை அவிழ்த்து இறக்கினேன். குழாயைக் காட்டுப் பக்கம் திருப்பக் கைப்பிடியைச் சுற்றினால் அசையவில்லை. எட்டிப் பார்த்தேன். போத்தலில் எப்படி உறையுமோ அப்படியே எண்ணெய் வளையத்துக்குள் வெள்ளையாக உறைந்து கிடந்தது. மழைத் தண்ணியும் உள்ளே போய்க் கட்டியாகியிருந்தது. பூசை போட்டபோதும் மிசின் கேட்டைப் பார்த்தே நின்றதால், குழாய் சாமி காரியத்துக்காகக் கிழக்கையே பார்த்துக்கொண்டிருந்தது. கிழக்கே வராந்தா. வராந்தாவில் டை கட்டிய மெனேஜர். பக்கத்தில் வரவேற்புத் தேத்தண்ணித் தட்டோடு சமையல்கார அப்பு.

“ஐயா, குழாய் ஒறஞ்சி போச்சு. சுடுதண்ணி ஊத்துனாத்தான் திரும்பும்” என்றேன்.

“தண்ணி இனித்தான் வைக்கணும்” என்றார் அப்பு.

கேட்டில் மறுபடி ஹோர்ன். “மொதலாளி ரோட்டுல நிக்கிறாரு. இப்பவே ஓட்டு” என்றார் மெனேஜர்.

“அப்பன்னா நீங்க உள்ள போயிருங்க ஐயா. எல்லாம் அங்கதான் வரும்.”

“வெளையாட்டுச் சாமான் எவ்வளவு தூரம் வீசும்? ஓட்டு.”

“அப்பு, நான் ஐயாவ உள்ள போகச் சொல்றேன், கேட்டுக்கிட்டீங்களா?” என்றேன் சத்தமாக. அப்பு தலையாட்டிவிட்டு, தட்டோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். விவரமான மனிதர்.

இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். பொறுத்திருக்கலாம். ஆனால் மேலதிகாரி இரண்டு தடவை ‘ஓட்டு’ என்று சொன்ன பிறகு பொறுப்பது மரியாதையா? லீவரைத் தள்ளினேன்.

திருகு ஐஸைக் கடித்தது. குழாயிலிருந்து வெள்ளையாக வளைந்து எழுந்து போனது பாருங்கள், கோயில் வாணம் போல் அழகாகப் போனது. மெனேஜர் ஓடியிருப்பார், ஆனால் கதவை அப்பு சாத்தியிருந்தார். மெனேஜர் ஒரு நாற்காலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். நான் வாசலைத் தாண்டுவதற்குள் டையும் காலில் போட்டிருந்த சப்பாத்தும் இரண்டு சுவெட்டரும் வெள்ளையாகிவிட்டன. கேட்டில் விருந்தாளிகள் கைதட்டினார்கள். தங்களை வரவேற்கத்தான் இந்த ஏற்பாடு என்று நினைத்துவிட்டார்கள் போல.

வராந்தா முடிந்து பாதை வளைகிற இடத்தில் சமையலறையிலிருந்து சுடுதண்ணி வந்தது. அதை வளையத்தில் ஊற்றிக் குழாயைக் காட்டுப் பக்கம் திருப்பி, மெதுவாக, இஞ்சின் இரைச்சல் இறங்காமல் பார்த்துக்கொண்டு கேட்டுவரை வாரி முடித்தேன். வாய் அடைத்த போதெல்லாம் இஞ்சினை நிறுத்திவிட்டுக் கோலால்தான் குத்தினேன். கையை உள்ளே விடுகிறவளுக்கு அப்புறம் கை இருக்காது.

முதலாளி மேலே வந்ததும் மெனேஜர் உதறிக்கொண்டே சொன்னார். “சேர், இந்த மிசினயும் வித்துருவோம், இவளயும் மலைக்கு அனுப்பிருவோம். வேணும்னே செஞ்சா.”

எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. ஒரு விளையாட்டுக்காகச் சீட்டைத் தொலைத்துவிட்டோமே என்று நினைத்தேன்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் அப்புவைப் பார்த்தேன். அப்பு தட்டை நீட்டிக்கொண்டே சொன்னார். “உள்ள போங்கன்னு இந்தப் புள்ள சொல்லிச்சுங்க சேர். நான் போயிட்டேன்.”

முதலாளி தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தார். “நீங்க ஏன் போகல?” என்று மெனேஜரைக் கேட்டார். அவர் டையைப் பிழிந்தார்.

நான் மிசின் டிரைவராக நிரந்தரமானது அப்படித்தான். திங்கட்கிழமை வந்த இரும்புக்காரருக்கு வேலியோரத்து உடைந்த கேட்டைக் கொடுத்து அனுப்பினோம்.

நான் படித்த பாடம் இதுதான். மிசினுக்குச் சந்தனம் போதும், எண்ணெய்க் காப்பு வேண்டாம். ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். அந்தப் பக்கம் பெரிய ஆள் யாராவது நின்றால் நகரச் சொல்லுங்கள். நகராவிட்டால் இன்னொரு தடவை சொல்லுங்கள், பக்கத்தில் ஒரு அப்பு இருக்கும்போது.

அதற்குப் பிறகு எங்கள் பக்கம் அந்த அளவுக்கு ஐஸ் விழவில்லை. மிசின் விறகுதான் இழுக்கிறது. ஏப்ரலில் வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் மெனேஜர் என் வண்டிக்கு முன்னால் நடப்பதில்லை. நின்று, என்னைப் போகவிட்டு, பின்னால்தான் வருகிறார்.