சலவைக்கடைக் குழாயில் கிடைத்தது

நூல் அறுந்துபோகாமல் இருக்க நெசவாலைகளில் கஞ்சி போட்டுத்தான் நெய்வார்கள். நெய்து முடித்த துணியிலிருந்து அந்தக் கஞ்சியைக் கரைத்தெடுக்க ஒரு நொதி வேண்டும். அந்த நொதியைச் சுரக்கிற பாக்டீரியாவை வளர்ப்பதுதான் அவளுடைய வேலை. படித்ததும் அதைத்தான், பிடித்ததும் அதுதான். வீட்டில் தயிர் புளித்துப்போனாலும் தொழிற்சாலையில் அவள் தொட்டிகள் ஒருநாளும் கெட்டதில்லை என்று கணவன் கேலி செய்வான்.

ஒரே ஒரு குறை இருந்தது. ஆலைக்காரர்கள் துணியை நல்ல கொதிநிலைச் சூட்டில் அலச விரும்பினார்கள். இவளிடமிருந்த பாக்டீரியாவின் நொதியோ அந்தச் சூட்டில் சுருண்டுவிடும். சூடு தாங்கும் இனம் ஒன்றைத் தேடி மண், எரு, கொதிகலன் ஓரத்துச் சேறு என்று எதையெதையோ கொண்டுவந்து பார்த்தாள். ஒன்றும் தேறவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சலவைக்கடை வைத்திருந்த நாத்தனார் சாப்பிட வந்த இடத்தில் அலுத்துக்கொண்டாள்.

"ஓட்டல் மேஜைவிரிப்பு எல்லாம் கஞ்சி போட்டதுதான். நாள் முழுக்க சுடுதண்ணில அலசி விடுறோம். குழாய்க்குள்ள கொழகொழன்னு என்னமோ பிடிச்சு அடைச்சுக்குது."

இவள் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. சுடுதண்ணீர், கஞ்சி, கூடவே அதைத் தின்று வளரும் ஏதோ ஒன்று!

"அண்ணி, அதுல கொஞ்சம் எனக்கு வேணும்."

"என் கடைக்கு அழுக்கைக் கேட்டு வர்ற முதல் ஆளு நீதான்!"

மறுநாளே இவள் கடைக்குப் போய் ஒரு சிறு குப்பியில் எடுத்து வந்தாள். கஞ்சி கலந்த தட்டில் பூசி, சூடான பெட்டிக்குள் வைத்தாள். புள்ளி புள்ளியாக முளைத்தன. மேலே அயோடின் ஊற்றியதும் கஞ்சி இருந்த இடமெல்லாம் கருநீலமாயிற்று. ஒரு புள்ளியைச் சுற்றி மட்டும் அகலமாய் வெளிர்வட்டம். அங்கே கஞ்சியே இல்லை, தின்று தீர்த்திருந்தது. துள்ளிக் குதித்தவளுக்கு அடுத்த நொடி உயிரே போயிற்று. அயோடின் பட்டால் பாக்டீரியா செத்துவிடும். அதனால் புள்ளிகளை வேறு தட்டில் ஒற்றிப் பிரதி எடுத்து வைத்த பிறகே ஊற்ற வேண்டும். அவசரத்தில் எடுக்கவில்லை. சுரண்டி வளர்த்துப் பார்த்தாள், பிழைக்கவில்லை. குப்பியிலும் மிச்சமில்லை.

சலவைக்கடைக்கு ஓடினாள். குழாய் இருந்த இடம் பளிச்சென்று இருந்தது.

"நீ எட்டிப் பாத்துட்டுப் போனதும் எனக்கு மானமே போச்சும்மா. பழைய குழாயைப் புடுங்கிட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கச் சொல்லிட்டேன்."

"ஐயோ அண்ணி! புடுங்கின குழாய் எங்க?"

"கொல்லைல கிடக்கு. எதுக்கு, அதுவும் வேணுமா?"

வெயிலில் காய்ந்து கிடந்தது குழாய். உள்ளே அப்பளம் போல ஒரு பொருக்கு. அவளுக்கு நம்பிக்கை வந்தது. இந்த வகை பாக்டீரியா, காலம் சரியில்லையென்றால் கெட்டியான ஓடு கட்டிக்கொண்டு உறங்கும். ஈரமும் சூடும் கிடைத்தால் எழுந்துவிடும். நாத்தனாரிடம் பழைய கத்தி ஒன்றை வாங்கி, மண்டியிட்டுச் சுரண்டினாள்.

ஆய்வகத்தில் ஈரமும் சூடும் கிடைத்ததும் எழுந்தது. இம்முறை முதலில் பிரதி, பிறகுதான் அயோடின். அதே அகல வட்டம்.

பெரிய தொட்டியில் முதல்முறை வளர்த்தபோது நுரை பொங்கித் தரையெல்லாம் வழிந்தது. துடைத்துவிட்டு, தொட்டிக்குள் செலுத்தும் காற்றைக் குறைத்து மறுபடி வளர்த்தாள். ஆலையில் அந்த நொதியோடு கொதிக்கக் கொதிக்க அலசிய துணியில் ஒரு சொட்டு அயோடின் வைத்தார்கள். நீலமே காணோம். ஆலை மேலாளர் துணியை முகர்ந்தும் கசக்கியும் பார்த்துவிட்டு, "இதையே அனுப்புங்க" என்றார்.

புதிய இனத்துக்கு ஆய்வகத்தில் ஒரு செல்லப்பெயர் ஒட்டிக்கொண்டது: நாத்தனார். விஷயம் சம்பந்தப்பட்டவள் காதுக்கும் போயிற்று. ஒரு மாலை நேரே வந்து நின்றாள்.

"எந்த ராஸ்கல் வெச்ச பேரு?"

"நான்தான் அண்ணி" என்றாள் இவள் மெதுவாக. "சூடு ஏற ஏற நல்லா வேலை செய்யுதுன்னு…"

நாத்தனார் முறைத்தாள். பிறகு தொட்டியின் கண்ணாடித் துளை வழியே எட்டிப் பார்த்தாள். பழுப்புக் குழம்பு சுழன்றுகொண்டிருந்தது.

"நல்லா சாப்பிடுதா?"

"வெளுத்து வாங்குது."

"அப்ப சரி" என்று சிரித்தாள். இருவரும் பேசிக்கொண்டே பஸ் பிடிக்கப் போனார்கள்.