அரைப் பேர்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்குச் செய்தி வந்தது. சிவநந்தினி அந்தப் பழைய துரை பங்களாவின் முன்னறை மேசையில் குனிந்து, தடித்த வெள்ளை அட்டையில் கறுப்பு மையால் பெயர்கள் எழுதிக்கொண்டிருந்தாள். அழைத்தது துஷாரா.

"அக்கா, அப்பா போயிட்டாருக்கா. மாத்தளை ஆஸ்பத்திரியில. இப்பதான்."

சிவநந்தினி பேனாவை மூடி வைத்தாள். என்ன பதில் சொன்னாள் என்று பிறகு அவளுக்கு நினைவில்லை.

துஷாராவின் அப்பா காளிமுத்து, இரத்தோட்டைக்கு மேலேயுள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பன்னிரண்டு வயதில் துரை பங்களாவின் குசினிக்குள் நுழைந்தவர். துரைமார் போனார்கள், அரசாங்கம் வந்தது, கம்பெனி வந்தது, கடைசியில் பங்களா ஹோட்டலாயிற்று. சமையல்கார அப்புவாக இருந்தவர், விருந்தினருக்குப் பழங்கதை சொல்லும் அப்பு ஆனார். வெள்ளைக் கோட்டு, பித்தளைப் பொத்தான், வெறுங்கால். வெறுங்கால் நிர்வாகத்தின் விருப்பம்.

அவர் சொல்வதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்வது சிவநந்தினியின் வேலை. மாத்தளை டவுனில் புடவைக்கடைக்காரரின் மகள், பட்டதாரி, தோட்டத்தை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தே வளர்ந்தவள். பனியில் நனைந்த ரோஜா, வராந்தாவில் துரைசானி வாசித்த பியானோ என்று அவர் அடுக்கிவிட்டு "அது ஒரு காலம்மா" என்று இழுக்கும்போது, தான் பார்த்திராத அந்தக் காலத்துக்காக அவளுக்கே நெஞ்சு ஏங்கும்.

முன்னறைச் சுவரில் ஒரு பெரிய கறுப்பு வெள்ளைப் படம். கூடை சுமந்த ஏழு பெண்கள். கீழே ஆங்கிலத்தில், 'மகிழ்ச்சியான கொழுந்துப் பெண்கள், 1969'. வலது ஓரத்தில் நிற்பவள் காளிமுத்துவின் அக்கா. விருந்தினர் வரும்போதெல்லாம் அவர் சொல்வார்:

"இதுதான் எங்கக்கா பரிமளம். விடியக்காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் படத்துக்கு நிக்க வச்சாங்க. அன்னிக்கு அக்காவுக்கு அரைப் பேருதான் போட்டாங்க."

அக்காவை எல்லோரும் செல்லமாகப் பாதிப் பெயரில்தான் கூப்பிட்டார்கள் என்று சிவநந்தினி மொழிபெயர்ப்பாள். பரிமளம் 'பரி' ஆகியிருக்கும் என்பது அவளுடைய ஊகம். விருந்தினர் சிரிப்பார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மாள் உருகிப்போய்ப் படத்தையே தடவிக் கொடுத்தாள். இரண்டு வருடம் இப்படியே போயிற்று.

போன மாதம் ஒருநாள், விருந்தினரின் வேன் கிளம்பிய பிறகு காளிமுத்து கேட்டார்.

"ஏம்மா, நானும் ரொம்ப நாளா பாக்குறேன். அரைப் பேருன்னா இவங்களுக்கு அப்பிடி என்னா சிரிப்பு வருது?"

தான் என்ன சொல்லி வந்தாள் என்பதை அவள் சொன்னாள்.

"டவுன் புள்ளைங்கிறது சரியாத்தான் இருக்கு," என்றார். "பேருன்னா ஒரு நாள் சம்பளம்மா. செக்ரோல்ல பேரு விழுந்தாத்தான் கூலி. கொழுந்து நிறை கொறஞ்சா அரைப் பேரு, பாதிக் கூலி. அரை நாளு படத்துக்கு நின்னா நிறை எங்கேருந்து வரும்? அன்னிக்கு ராவு லயத்து வீட்டுல ஒரு ரொட்டிய நாலாப் பிச்சித் தின்னோம். அந்தப் படம் புடிச்சவருக்கு இங்கன கேக்கு. அந்தத் தட்ட நாந்தான் கழுவுனேன்."

"ஐயோ அப்பு, இவ்வளவு நாளும் ஏன் சொல்லல?"

"சொல்லிக்கிட்டுத்தானேம்மா இருந்தேன்."

அன்று அவர் மிச்சத்தையும் சொன்னார். இரு நாட்டு ஒப்பந்தப்படி ஆட்களைப் பிரித்தபோது, அக்கா கல்யாணமாகிப் போன வீட்டுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. இவர்களுக்கு வரவில்லை. எழுபத்து மூன்றில் மாத்தளை ஸ்டேஷனில் அக்காவை ரயிலில் ஏற்றிவிட்டார்கள். போகிறவர்களும் நிற்கிறவர்களும் சேர்ந்து அழுததால் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர். கூடலூரிலிருந்து இரண்டு கடிதம் வந்தது. மூன்றாவதுக்கு அவர் கடைசிவரை காத்திருந்தார்.

"பிறகு ஏன் அப்பு அந்தக் காலத்தை நினைச்சு ஏங்குறீங்க?"

"அக்கா இருந்தாளேம்மா அதுல."

படத்தின் கீழேயுள்ள அட்டையை எடுத்துவிட்டு ஏழு பேரின் பெயரையும் போட வேண்டும் என்றாள் அவள். அவர் விரல்விட்டு ஏழு பெயரையும் சொன்னார். "அக்காவுக்கு ஒரு தடவையாச்சும் முழுப் பேரு போடும்மா," என்று சொல்லிச் சிரித்தார். கொழும்பிலிருந்து வந்த மேனேஜர் பிரதீபன் தலையைச் சொறிந்தார்.

"பேரு போடுங்க மிஸ். பசி கிசின்னு கதை எழுதிறாதீங்க. ஆளுங்க ரெஸ்ட் எடுக்க வாறாங்க."

"மகிழ்ச்சிங்கிறத எடுக்கணும் சேர்."

"அதுவுமா? சரி, எடுத்துத் தொலைங்க."

அனுமதி கிடைத்தும் வேலை தள்ளிப் போயிற்று. ஹோட்டல் நிறைய ஆட்கள். இன்றைக்கு, நாளைக்கு என்று பத்து நாள் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை நெஞ்சுவலி என்று காளிமுத்துவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திங்கட்கிழமை வார்டிலிருந்து மகளின் போனில் கூப்பிட்டார்.

"எழுதியாச்சாம்மா?"

"நாளைக்கு மாட்டிடுவேன் அப்பு. போட்டோ எடுத்து அனுப்புறேன்."

"அனுப்பு, அனுப்பு. நர்ஸம்மாகிட்டக் காட்டணும்."

வியாழக்கிழமை தோட்டத்து மயானத்தில் அடக்கம். துஷாரா அப்பாவின் காலுக்குப் புதுச் சப்பாத்து வாங்கிப் போட்டிருந்தாள். சிவநந்தினி முகத்தைவிட அந்தச் சப்பாத்தையே அதிக நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்போது படத்தின் முன்னால் அவள் தனியாகத்தான் பேசுகிறாள். அரைப் பேர் என்றால் என்னவென்று சரியாகச் சொல்கிறாள். யாரும் சிரிப்பதில்லை. ஆனால் "அது ஒரு காலம்" என்ற அந்த இழுப்பைக் கேட்க வேண்டும்போல் இருக்கிறது அவளுக்கு. எந்தக் காலம் என்று தெரிந்த பிறகும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எழுதிய அட்டை மேசை லாச்சியில் இருக்கிறது. ஆறு பெயர்கள் முழுதாக இருக்கின்றன. ஏழாவது வரியில் 'பரி' என்பதோடு மை நின்றிருக்கிறது.