ரோஸ் சுவர்

அன்புசெல்வி காலையில் தலை வாரி, சேலைக்குப் பின் குத்தி, டிபன் பாக்ஸில் சாப்பாடு கட்டுவாள். கட்டியதைத் தூக்கிக்கொண்டு ஹாலைக் கடந்து மகளுடைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அதுதான் இப்போது அவளுக்கு ஆபீஸ்.

வெளிநாட்டு வியாபாரிகளுக்குப் பனியன் துணி ஆர்டர் பார்த்துக் கொடுக்கும் கம்பெனி, திருப்பூர்க் கிளையை மூடிவிட்டது. கலர் பார்ப்பதில் அவளுக்கு நல்ல பெயர். அதனால் சென்னை மேனேஜர், "கொஞ்ச நாள் வீட்லேருந்தே பாருங்க மேடம். சரியா வந்தா தொடர்ந்து குடுக்கறேன்" என்றார். கணவர் இறந்து வெகு காலம். மகள் அபிராமி கல்யாணமாகி ஓசூரில். திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில், வீட்டில் அவள் ஒருத்திதான். இந்த வயதில் இன்னொரு கம்பெனி வாசலில் போய் நிற்க அவளுக்கு மனமில்லை.

அபிராமி படித்த மேஜையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். நெட் வந்தது. பகல் வெளிச்சம் தருகிற டியூப் லைட் வந்தது. சுவர் மட்டும் அப்படியே இருந்தது. பள்ளிக்கூடக் காலத்தில் அபிராமி அடம்பிடித்து அடிக்கவைத்த ரோஸ்.

பக்கத்து வீட்டு சுப்பாத்தாள் முதல் வாரமே எட்டிப் பார்த்தாள்.

"ஏங்கண்ணு, ஊட்லதான இருக்கற? கேஸ்காரன் வந்தா என்ற சிலிண்டரையும் வாங்கி வெச்சுரு."

"வேலைல இருக்கறனுங்க்கா."

"ஆரு பாக்கறா? செத்த எந்திரிச்சா ஓனரு திட்டவா போறான்?"

திட்டக்கூட ஆளில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

வேலை இதுதான். வெளிநாட்டிலிருந்து ஒரு மாதிரித் துணி வரும். அதே கலரில் சாயப்பட்டறை ஒரு சின்னத் துண்டை நனைத்து அனுப்பும். இரண்டும் ஒன்றாக இருக்கிறது என்று இவள் சொன்னால், சென்னையில் ஒரு தடவை பார்த்துவிட்டு முழுத் துணியையும் சாயத்தில் இறக்குவார்கள். ஆபீஸில் யாரும் இதைத் தனியாகச் செய்ததில்லை. "ஒரு பார்வை குடுங்க" என்று குரல் கொடுத்தால் அக்கவுண்ட்ஸ்காரர் வருவார், டீ கொண்டுவருகிறவர் வருவார். "செவப்பு தூக்குதுங்க்கா" என்பார் ஒருவர். "உங்க கண்ணாடியத் தொடைங்க மொதல்ல" என்பார் இன்னொருவர். வீட்டில் யாரைக் கூப்பிடுவது? போனில் படம் எடுத்து அனுப்பினால் போனுடைய கலர்தான் தெரியும்.

குழந்தைச் சட்டைக்கு ஒரு சாம்பல் கலர் ஆர்டர் வந்தது. சாயப்பட்டறை மாஸ்டர் அய்யாசாமியை போனில் கூப்பிட்டாள்.

"இன்னும் செவப்பு நிக்குதுங்க. கொறைங்க."

"இதுக்கு மேல எடுத்தா பச்சையாப் போயிருமுங்க்கா."

"நான் பாத்துட்டுத்தானுங்க சொல்றேன்."

குறைத்து அனுப்பினார். மேஜையில் இரண்டு துணியும் அச்சாகச் சேர்ந்தன. சென்னைக்கு அனுப்பினாள். மேனேஜர் கூப்பிட்டார்.

"பச்சையா இருக்கு மேடம். உங்ககிட்ட இதை எதிர்பார்க்கல. அடுத்ததும் இப்படின்னா வேற ஆளைத்தான் பாக்கணும்."

தன்னிடமிருந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பச்சை தெரியவில்லை. கண்தான் போய்விட்டதோ என்று பயம் வந்தது. துண்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். சுப்பாத்தாள் வேப்பமர நிழலில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு பார்வை குடுங்க."

"என்னத்தக் குடுக்கறது? கையெல்லாம் புளி."

துண்டுகளை நீட்டும்போதே அன்புசெல்விக்குத் தெரிந்துவிட்டது. பச்சை. மறுபடி அறைக்குள் ஓடினாள். இல்லை. வெளியே வந்தாள். இருக்கிறது.

"என்ன கண்ணு, உள்ளயும் வெளியயும்? வவுறு செரியில்லியா?"

வேறு வேறு சாயத்தில் நனைந்த துணிகள் ஒரு வெளிச்சத்தில் சேரும், இன்னொரு வெளிச்சத்தில் பிரியும். புதிதாக வரும் பெண்களுக்கெல்லாம் அவளே சொல்லிக்கொடுத்ததுதான். ஜன்னல் வெளிச்சம் ரோஸ் சுவரில் பட்டு மேஜைமேல் விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சுவரை அவள் ஒரு கலராக நினைத்ததே இல்லை.

அய்யாசாமியிடம், "நீங்க சொன்னதுதானுங்க சரி, முந்தின மாதிரியே போடுங்க" என்றாள். பிறகு மகளைக் கூப்பிட்டாள்.

"உன்ற ரூமு ரோஸ் துணிக் கலர மாத்திக் காட்டுது கண்ணு. சாம்பல் பெயிண்ட் அடிக்கோணும், அதுதான் எந்தக் கலரையும் கெடுக்காது."

"அடிச்சுக்கம்மா. அதுக்கெதுக்கு என்னையக் கேக்கற?"

"நீ வந்தா..."

"ஹால்ல படுத்துக்கறேன். இவருக்கு லீவு கெடைக்கட்டும், பாக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை அவளே அடித்தாள். பீரோவை நகர்த்தப் பார்த்தாள். ஒரு பக்கம் தூக்கினால் மறுபக்கம் பிடிக்க ஆள் வேண்டும். பீரோவைச் சுற்றியே அடித்து முடித்தாள்.

புதுத் துண்டு வந்ததும் அறையில் பார்த்தாள். பிறகு நேரே சுப்பாத்தாளிடம் கொண்டுபோனாள்.

"ரெண்டும் ஒண்ணுதான். இதைச் சொல்றதுக்கா உனக்குச் சம்பளம்?"

"ஆமாங்க்கா."

"அப்ப என்னையும் சேத்துக்க."

சென்னையிலிருந்து ஓகே வந்தது. அதே மெயிலில் அடுத்த ஆர்டரும். அபிராமிக்குப் போன் போட்டாள்; எடுக்கவில்லை. மேஜையில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தாள். பீரோவின் ஓரத்தில் ரோஸ் ஒரு கீற்றாகத் தெரிந்தது. அது கலரைக் கெடுக்காது. துணியை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டிருந்தாள்.