கியர்பாக்ஸுக்காக ஒரு ஜெப விண்ணப்பம்

என் மாமியார் ஜெப விண்ணப்பம் வைக்க எழுந்தால் பக்கத்து வீட்டுப் பல்வலி முதல் பேரனின் பரீட்சை வரை எல்லாம் வரும். அந்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு ஜெபக் கூட்டத்தில் அந்தப் பட்டியலில் நானும் வந்தேன். “என் மருமக காரோட கியர்பாக்ஸைக் கெடுத்துட்டா. கர்த்தர் அவ கைக்கு ஞானத்தைக் கொடுக்கணும்,” என்றார். பீர்க்கன்கரணையில் எங்கள் தெருவே எங்கள் ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. எல்லாரும் கண்ணை மூடி என் கைகளுக்காக ஜெபித்தார்கள். நான் அந்தக் கைகளைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டேன்.

கார் என் கையில் மக்கர் செய்தது உண்மைதான். நாற்பது வயதுக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டவள் நான். கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி என்பதால்தான் அந்தத் தைரியமே வந்தது. ஒருநாள் காலை அலுவலகத்துக்குப் போகும்போது ஜி.எஸ்.டி. சாலையில் டாஷ்போர்டில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. வண்டி மூன்றாவது கியரிலேயே மாட்டிக்கொண்டது. மிதித்தால் உறுமியதே தவிர, வேகம் எடுக்கவில்லை. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. ஓர் ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்து, “இன்னாக்கா, இது காரா, தேரா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

என் கணவர் காரின் பக்கமே போகாமல் தீர்ப்புச் சொல்லிவிட்டார். “வண்டி நிக்கிறதுக்கு முன்னாடியே ரிவர்ஸ் போட்டிருப்ப. கியர்பாக்ஸ் காலி.” அப்படிப் போட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனாலும் “சாரிங்க” என்றேன். மாமியாரிடமும் சொன்னேன், கொழுந்தனாரிடமும் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். காரை வந்த விலைக்குத் தள்ளிவிடலாம், இனி நான் ரயிலில் போகலாம் என்று வீட்டில் முடிவானது. எனக்கோ அந்த ஸ்டியரிங்கை விட மனசில்லை. கணவர் ஊரில் இல்லாத ஒரு சனிக்கிழமை, முடிச்சூர் சாலையில் இருந்த ஒர்க்‌ஷாப்புக்கு நானே காரை ஊர்ந்துகொண்டே ஓட்டிப் போனேன்.

மெக்கானிக் சரியான வாயாடி. ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகி, “ஷிப்ட் சாலினாய்டுன்னு எரர் கோடு காட்டுது,” என்றார். கியர்பாக்ஸுக்குள் ஆயில் போகும் வழியைத் திறந்து மூடுகிற சின்ன மின்வால்வாம் அது. அது வேலை செய்யாவிட்டால் வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரே கியரில் நின்றுவிடுமாம்.

“தப்பு என்மேலதாங்க. அவசரமா ரிவர்ஸ் போட்டிருப்பேன்,” என்று முந்திக்கொண்டேன்.

“கேஸே இன்னும் நடக்கலக்கா, அதுக்குள்ள ஜெயிலுக்குப் போயினுகீறீங்க,” என்றார்.

ஸ்கேனரில் அந்த எரர் கோடை அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டினார். தெருமுனை தாண்டுவதற்குள் விளக்கு மறுபடி எரிந்தது. ஆயிலைப் பார்த்தார், அது சுத்தமாக இருந்தது. பிறகு வண்டியைத் தூக்கி நிறுத்தி, கியர்பாக்ஸுக்குப் போகும் ஒயர் சாக்கெட்டைக் கழற்றி மீட்டர் வைத்தார். வால்வில் கோளாறு எதுவும் இல்லை. சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே ஒரு செம்புப் பின் பச்சையாகப் பூத்துப்போயிருந்தது. ஓரமெல்லாம் காய்ந்த சேறு.

“வண்டிய தண்ணில உட்டீங்களா? தண்ணி பூந்து அரிச்சிகீது. ஓட்டுறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லக்கா.”

பெருமழை என்றால் எங்கள் பக்கத்தில் எல்லாரும் காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். போன மழைக்கு என் கணவர், தண்ணீர் தெருவுக்குள் வரும்வரை டிவி பார்த்துவிட்டு, கடைசியில் முழங்கால் தண்ணீரில் காரை இறக்கிப் பெருங்களத்தூர் பாலத்துக்கு ஓட்டிப் போனார். காரைக் காப்பாற்றிய அந்த வீரக்கதையை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

மெக்கானிக் பின்னை மாற்றி, சாக்கெட்டைச் சுத்தம் செய்து, புது சீல் போட்டார். திரும்பி வரும் வழியில் கியர் ஒவ்வொன்றாக மாறியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பாதி சந்தோஷம், பாதி ஆத்திரம்.

ஊரிலிருந்து திரும்பிய கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போனது. “சரி, வண்டிதான் சரியாயிடுச்சே. விக்க வேணாம், நீயே ஓட்டு. ஆனா அம்மாகிட்டயும் கூட்டத்துலயும் போய் இதைச் சொல்லிட்டு இருக்காத. அசிங்கமா போயிடும்,” என்று சாவியை மேஜைமேல் என் பக்கம் நகர்த்தினார். யாருக்கு அசிங்கம் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்காமல் சாவியை எடுத்துக்கொண்டேன்.

அடுத்த கூட்டத்தில் மாமியார் சாட்சி சொல்ல எழுந்தார். “கார் நல்லாயிடுச்சு. கர்த்தர் என் மருமக கைக்கு ஞானத்தைக் கொடுத்துட்டார்,” என்றார். “நீயும் ரெண்டு வார்த்தை சொல்லும்மா,” என்றார் போதகர்.

எழுந்து நின்றேன். காரைத் தண்ணீரில் இறக்கியது யார் என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். சொன்னால் சாவி கையைவிட்டுப் போய்விடுமோ என்ற பயமும் இருந்தது.

“ஸ்தோத்திரம். இனிமே கவனமா ஓட்டுவேன்,” என்றேன்.

அதுவரை செய்யாத தப்புக்கு வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் உண்மை தெரிந்தும் அந்த வாக்கியத்தைச் சொன்னது நான்தான். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. எல்லாரும் “ஆமென்” என்றார்கள். என் கணவர்தான் மற்ற எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னார்.