முகம் பார்க்காத வகுப்பு

என் மகள் ஒன்றாம் வகுப்பு முழுவதையும் செல்போனிலேயே படித்து முடித்தாள். இரண்டாம் வகுப்பும் அதிலேயே தொடங்கியது. டீச்சர் வகுப்புக் குழுவில் பாடம் அனுப்புவார். பிள்ளைகள் பாட்டையும் வாய்ப்பாட்டையும் குரல் பதிவாக அதே குழுவுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை.

கொரோனா இரண்டாம் அலையில் என் கணவர் ஆக்சிஜன் வைத்துப் பிழைத்து வந்தார். இருமல் மட்டும் விடவில்லை. அப்போதிருந்துதான் மகளுக்கும் பேச்சு குறைந்தது. எதைக் கேட்டாலும் தலையாட்டுவாள். குரல் பதிவைக்கூட மூலையில் உட்கார்ந்து கிசுகிசுவென்று பேசி அனுப்பினாள். அப்படியொரு வாயாடி இப்படி ஆகிவிட்டாள்.

சின்ன வகுப்புகளையும் திறக்கப்போகிறார்கள், பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்று பள்ளியிலிருந்து தாள் வந்தது. அனுப்பினால் அவர் நுரையீரலுக்கு ஆபத்து. அனுப்பாவிட்டால் இவள் பேச்சு என்னாகுமோ தெரியாது. தாளை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு நாலு நாள் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தேன். ஐந்தாம் நாள் அவரே எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"நான் பாத்துக்கிறேன். அவ பேசட்டும்."

"ஒங்களுக்கென்ன, போட்டுட்டீங்க. பயந்து சாகுறது நான்தானே?" என்றேன்.

ஐப்பசித் தூறலில், அறந்தாங்கி பஸ்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி அவளைக் கூட்டிப்போனேன். பள்ளி வாசலில் காய்ச்சல் பார்க்கும் வரிசை. எல்லாப் பிள்ளைகளுக்கும் கண் மட்டும்தான் தெரிந்தது. அவள் என் சேலையை விடவே இல்லை. முன்னால் நின்ற சிறுமி தன் அம்மாவிடம் தண்ணீர் கேட்டாள். என் மகள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஒங்க வீட்ல ஆடு கத்திக்கிட்டே இருக்கும்ல? அவதான நீ?"

அந்தப் பெண் திரும்பி இவளையே பார்த்தாள். "ஆமா. ஒங்க அப்பா இருமுவாங்கல்ல? இப்ப நல்லாயிருச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கு இன்னும் உடம்பு சரியாகவில்லை என்பதை நான் எங்கள் தெருவுக்கே சொல்லவில்லை. முன்பின் பார்த்திராத ஏழு வயதுப் பிள்ளை, இத்தனை நாளும் எங்கள் வீட்டைக் கேட்டுக்கொண்டு, கவலையும் பட்டிருக்கிறாள். இந்தப் பொடிசுகளுக்குள் இவ்வளவு நடந்திருக்கிறதா!

"கொஞ்சம் பரவால்ல," என்றாள் என் மகள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் குரல் கணீரென்று கேட்டது. "நான் பேசுனா அப்பாவும் பதிலுக்குப் பேசுவாங்க. பேசுனா இருமல் வந்துரும். அதான் நான் வீட்ல பேசுறதே இல்ல."