எழுவைதீவிலிருந்து ஒரு வாய்மூலக் கேள்வி

கேள்வி கேட்க எல்லாருக்கும் வரும். கேட்கப்பட்டவர் பதில் சொல்லாமல் நழுவ முடியாதபடி கேட்பதற்குத்தான் என்னைப் போல ஒருவனை மேசை போட்டு இருத்தி வைக்கிறார்கள்.

அந்த மேசை ஊர்காவற்றுறையில், எங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் இருக்கிறது. முன்பு நான் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை பார்த்தவன். மனைவி கண்மூடிய பிறகு கரம்பொன் வீட்டில் தனியே இருக்கப் பிடிக்காமல், கடிதம் எழுதிக் கொடுக்கும் வேலைக்கு இங்கே வந்தேன். அலுமாரியின் அடித்தட்டில் பழைய ஹன்சாட் கட்டுகள் கிடந்தன. நாடாளுமன்றத்தில் பேசியதை அப்படியே அச்சடித்த புத்தகங்கள். அவற்றை வாசித்து வாசித்துத்தான் அமைச்சர்களுக்குக் கேள்வி எழுதப் பழகினேன். அரசாங்கக் கந்தோரில் வாங்குப் பலகையில் அரைநாள் காத்திருந்து, "மற்றக் கிழமை வாருங்கோ" என்ற சொல்லோடு வீடு திரும்பியவர்களுக்கு நான் அதிகம் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அந்த வாங்கைக் கொழும்புவரை நீட்டிப் பாருங்கள், அதுதான் என் தொழில்.

மந்திரிக்கு நீந்தத் தெரியுமோ?

எங்களிடம் வருகிறவர்கள் கேள்வியோடு வருவதில்லை, கோபத்தோடு வருவார்கள். கோபத்தைக் கழுவிக் கழுவிக் கேள்வியை எடுப்பது என் வேலை. நாடாளுமன்ற விதிப்படி கேள்வியில் கருத்து இருக்கக் கூடாது, ஏளனம் இருக்கக் கூடாது, ஊகம் இருக்கக் கூடாது, அமைச்சரின் சொந்த விஷயம் எதுவும் இருக்கக் கூடாது. எங்கள் சனம் கதைப்பதில் இவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஊரின் பெயர் மட்டும்தான்.

நெடுந்தீவில் மாடு வளர்க்கும் ஒருவர் ஒருநாள் வந்தார். படகு பழுதாகி, குறிகட்டுவான் இறங்குதுறையில் பகல் முழுவதும் வெயிலில் நின்ற மனிதர். "மந்திரிக்கு நீந்தத் தெரியுமோ எண்டு கேளுங்கோ" என்றார். அது சொந்த விஷயம், விடமாட்டார்கள் என்றேன். "அப்ப வெக்கம் இருக்கோ எண்டு கேளுங்கோ." அதுவும் சொந்த விஷயம்தான் என்றேன். பிறகு நான் எழுதியதை வாசித்துக் காட்டினேன்: ‘நெடுந்தீவுக்கான பயணிகள் படகுச் சேவை தடைப்பட்டுள்ளதை அமைச்சர் அறிவாரா? ஆமெனில், அது எப்போது சீராக்கப்படும் என்பதை இச்சபைக்கு அறிவிப்பாரா?’

அவர் தலையைச் சரித்து முழுவதையும் கேட்டார். என்னைப் பார்த்தார். தாளைப் பார்த்தார்.

"உது கேள்வியோ, அண்ணை? கலியாணத்துக்குக் கூப்பிடுற மாதிரியெல்லோ கிடக்கு!"

சிவப்புச் சேலை

ஜெசிந்தா எழுவைதீவிலிருந்து காலைப் படகில் வந்தாள். கடலுக்குத் தனியே போன அவளுடைய கணவர் மரியதாஸ் திரும்பி வரவில்லை. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று கடுமையாக வீசிய நாள் அது. இயந்திரம் நின்று படகு இழுபட்டிருக்க வேண்டும் என்று ஊரார் சொன்னார்கள். தேடிப் போன படகுகள் எல்லாம் சும்மா திரும்பின. பிறகு அக்கரையில், தமிழ்நாட்டு மீனவர் ஒருவர் தொலைபேசியில் ஒரு செய்தி சொன்னார். வடக்கே வெகுதூரத்தில், ஆந்திராக் கரையில், இலங்கை ஆள் ஒருவர் ஒதுங்கினாராம். பொலிஸ் கொண்டு போனதாம். ஆளின் பெயர் அவருக்குத் தெரியாது. கொண்டு போகும்போது உயிர் இருந்ததா என்பதும் தெரியாது.

பொலிஸ், கடற்படை, மாவட்ட நிர்வாகக் கச்சேரி எல்லா இடமும் போய்விட்டுத்தான் அவள் என்னிடம் வந்திருந்தாள். நல்ல சிவப்புச் சேலை உடுத்திருந்தாள். நான் பார்த்ததைக் கண்டுவிட்டு, "ஊர் என்னைக் கறுப்பில பாக்க நிக்குது, அண்ணை. அதுதான்" என்றாள். நான் எழுதினேன்: ‘எழுவைதீவைச் சேர்ந்த மரியதாஸ் என்பவர் இந்தியாவில் தடுத்து வைக்கப்பட்டுள்ளாரா என்பதை அமைச்சர் அறிவாரா?’ கழுவ அதில் ஒன்றும் இருக்கவில்லை. என் வாழ்நாளில் எழுதிய கேள்விகளில் சுருக்கமானது அதுதான்.

"பிள்ளை, இதுக்குப் பதில் வர நாள் செல்லும். நீர் மனத்தைத் தயாராக்கி வைச்சிரும்" என்றேன்.

"கடலைப் பாத்துக்கொண்டு நிக்கிறதை விட மந்திரியைப் பாத்துக்கொண்டு நிக்கிறது சுகம், அண்ணை. கடலிட்டை ஆர் விளக்கம் கேக்கிறது?"

ஏழாம் இலக்கம்

கேள்வி சபையின் அன்றாட ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிய நாளன்று நானும் எழுவைதீவுக்குப் போயிருந்தேன். கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தில் ஊரே கூடியிருந்தது. நாடாளுமன்றத்தை நேரடியாகப் பார்ப்பதற்கு ஒரு கைத்தொலைபேசியைப் பிளாஸ்டிக் வாளியின் மேல் நிமிர்த்தி வைத்திருந்தார்கள். கருவாடு பரப்பின கையோடு வந்த பெண்களும் நின்றார்கள். தங்கள் தீவின் பெயரை அந்தப் பெரிய மண்டபத்தில் ஒருவர் சொல்லப் போகிறார் என்பதால் ஒருவருக்கொருவர் "சத்தம் போடாதேங்கோ" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அங்கேதான் நான் ஒன்றை முன்கூட்டியே சொல்ல மறந்துவிட்டேன். வாய்மூலக் கேள்வி என்று பெயரே தவிர, அதை யாரும் வாயால் வாசிப்பதில்லை. கேள்வி முதலே அச்சில் வந்துவிடுவதால், உறுப்பினர் எழுந்து அதன் இலக்கத்தை மட்டும் சொல்வார். எங்கள் எம்.பி. எழுந்தார். "ஏழாம் இலக்க வினா" என்றார். உடனே திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார். அமைச்சருக்குப் பதிலாக ஆளுங்கட்சியின் முதற்கோலாசான், அதாவது கொறடா, எழுந்து, பதில் தருவதற்கு இரண்டு வாரம் அவகாசம் கேட்டார். சபாநாயகர் எட்டாம் இலக்கத்துக்குப் போய்விட்டார். எல்லாம் ஒரு கொட்டாவி விடுகிற நேரம்.

வாளியைச் சுற்றி நின்றவர்கள் இன்னும் குனிந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் சங்கத் தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"இதென்ன, அண்ணை, எங்கட ஆளைத் தேடச் சொன்னால் இவர் லொத்தர் நம்பரெல்லோ சொல்லிப்போட்டு இருக்கிறார்?"

கடலோ, கரையோ

இரண்டு வாரம் இன்னொரு இரண்டு வாரமானது. அது பிறகும் நீண்டது. கடைசியில், மீனைப் பார்க்கிற அமைச்சு ஒரு பதில் அனுப்பியது. இது தங்கள் விஷயம் அல்லவாம், வெளிநாட்டைப் பார்க்கிற அமைச்சிடம் கேட்க வேண்டுமாம். அங்கே கேட்டோம். ஆள் கடற்றொழிலாளி என்பதால் மீனைப் பார்க்கிற அமைச்சிடம் கேட்க வேண்டுமாம். எங்கள் எம்.பி. நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கும் அலுத்துவிட்டது. "ஒரே கேள்விக்கு எத்தினை தரம் எழும்புறது? வீதியைப் பற்றி ஒண்டு எழுதுங்கோவன், அண்ணை" என்றார். எழுதுகிறேன், ஆனால் இதற்குக் கீழே எழுதுகிறேன் என்றேன். அவர் பேனையை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகு நான் வெளிநாட்டைப் பார்க்கிற அமைச்சுக்குத் தொலைபேசி எடுக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு நாளும், சாமான் வந்ததா என்று சங்கக்கடையில் கேட்பார்களே, அந்த மாதிரி எடுத்தேன். ஒருநாள் தமிழ் தெரிந்த ஒரு அதிகாரி அகப்பட்டார். பொறுமையானவர். விளங்கப்படுத்தினார்: ஆள் கடலில் இருக்கும்வரை மற்ற அமைச்சு, வேறு நாட்டுக் கரையில் ஏறினால் தங்கள் அமைச்சு. "ஐயா, அவர் கடலிலையோ கரையிலையோ எண்டு தெரியாமல்தானே உங்களைக் கேக்கிறம்" என்றேன். மறுபக்கத்தில் அவர் நிதானமாக யோசிப்பது எனக்குக் கேட்டது.

"அது சரி, ஐயா. அப்ப முதல்ல ஆள் எங்க இருக்கிறார் எண்டு நீங்கள் எங்களுக்கு எழுத்தில தாங்கோ, நாங்கள் உடன தேடுவம்."

பெயர் வாசிக்கும் மாதம்

கார்த்திகை எங்கள் கத்தோலிக்கக் கோயில்களில் ஆத்துமாக்களின் மாதம். இறந்தவர்களின் பெயர்களைக் குடும்பத்தார் எழுதிக் கொடுப்பார்கள். பூசையில் பங்குச் சுவாமி ஒவ்வொன்றாக வாசிப்பார். கரம்பொன்னில் நானும் ஒரு பெயர் கொடுப்பேன். வாசிக்கும்போது அது மற்றப் பெயர்களைவிடச் சீக்கிரம் முடிந்துவிடுவது போல எனக்கு இருக்கும்.

எழுவைதீவில் மரியதாஸின் தாய், மகனுடைய பெயரையும் கொடுத்துவிட வேண்டும் என்று நின்றார். அவரைக் குறை சொல்ல ஏலாது. மகன் இறந்திருந்தால் செபம் இல்லாமல் கிடக்கிறானே என்பது அந்தத் தாயின் வேதனை. சுவாமி ஜெசிந்தாவிடம் பதமாகக் கேட்டிருக்கிறார். இதை எனக்குச் சொன்னது சுவாமியேதான். படகுத்துறையில் என்னைக் கண்டு, "உங்கட கேள்வி என்ன நிலையில?" என்று விசாரித்தார். இவருக்கு எதற்கு நாடாளுமன்றத்தில் அக்கறை என்று யோசித்தேன். அவள் கோயில் வாசலில் நின்று சொன்ன சொல்லை அப்படியே சொன்னார்:

"முதல்ல பாராளுமன்றத்தில அவரின்ர பேருக்கு ஒரு பதில் சொல்லட்டும், சுவாமி. கோயிலில வாசிக்கிறதோ இல்லையோ எண்டு அதுக்குப் பிறகு பாப்பம்."

எதிர்க்கட்சித் தெரு

பதில் தயாராகிவிட்டது, இந்தமுறை அவகாசம் கேட்கமாட்டார்கள் என்று அந்தப் பொறுமையான அதிகாரியே எனக்குச் சொன்னார். ஜெசிந்தா முதற்படகில் வந்து அலுவலகத்தில் இருந்தாள். அப்போது எம்.பி.யின் அழைப்பு வந்தது. கொழும்புக்குப் போகும் வழியில், வன்னியில் வெள்ளம் வீதியை மூடிவிட்டது, வாகனம் அங்காலும் போகாது இங்காலும் வராது என்றார். இலக்கம் கூப்பிடும்போது உறுப்பினர் சபையில் இல்லையென்றால் கேள்வி விழுந்துவிடும். பிறகு வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். ஒரே ஒரு வழிதான் உண்டு. வேறொரு உறுப்பினர் எழுந்து ‘அவர் சார்பில் கேட்கிறேன்’ என்று சொல்லலாம். சபையில் அன்று இருந்த தமிழ் உறுப்பினர்களில் எனக்கு எட்டக்கூடியவர் ஒருவர்தான். அவர் எங்களுக்கு நேர் எதிரான கட்சி.

அவருடைய அலுவலகமும் இதே தெருவில்தான். அங்கே செயலாளராக இருக்கும் கனகராசா, தேர்தல் நேரத்துச் சுவரொட்டிச் சண்டைக்குப் பிறகு என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. நான் படியேறிப் போனேன், ஜெசிந்தாவும் பின்னால் வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். இன்னொன்றையும் கேட்டேன். அமைச்சர்கள் வழமையாகப் பதிலை வாசிக்காமல் ‘சபாபீடத்தில் சமர்ப்பிக்கிறேன்’ என்று தாளைக் கொடுத்துவிட்டு இருந்துவிடுவார்கள். அந்தத் தாள் தீவுக்கு வந்து சேர எத்தனை நாளாகுமோ தெரியாது. அதனால் வாசிக்கச் சொல்லி அவர் கேட்க வேண்டும். கனகராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்கட ஆளின்ர பேரை எங்கட ஆள் எழும்பிச் சொன்னால், நாளைக்கு நான் இந்தத் தெருவில எப்பிடி நடக்கிறது?" என்றார்.

 ஜெசிந்தா மேசையிலிருந்த தொலைபேசியை அவர் பக்கம் தள்ளினாள்.

"நடக்காதேங்கோ, அண்ணை. உந்தக் கதிரையில இருந்தபடியே கோல் எடுங்கோ."

ஒரு சொல்

கனகராசா தன்னுடைய எம்.பி.க்குக் கோல் எடுத்துச் சொன்னார். அங்கேயே நின்று சபையை நேரடியாகப் பார்த்தோம். எங்கள் அலுவலகத்துக்குத் திரும்ப நேரமில்லை. இலக்கம் கூப்பிட்டார்கள். மற்றக் கட்சி உறுப்பினர் எழுந்து, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, எங்கள் எம்.பி.யின் பெயரை முழுவதுமாகச் சொல்லி, அவர் சார்பில் கேட்டார். அமைச்சர் தாளை நீட்டப் போனார். "வாசியுங்கள், ஒரு குடும்பம் கேட்டுக்கொண்டிருக்கிறது" என்றார் உறுப்பினர். கனகராசா கதிரை நுனிக்கு வந்துவிட்டார். அமைச்சர் சிங்களத்தில் வாசிக்கத் தொடங்கினார். தமிழ் மொழிபெயர்ப்பு ஒரு மூச்சுப் பிந்தித்தான் வரும். அவருடைய முதற்சொல் "ஒவ்."

"ஒவ் எண்டால் ஓம்தானே, அண்ணை?" என்று ஜெசிந்தா என் சட்டைக் கையைப் பிடித்தாள். நான் தலையாட்டுவதற்குள் தமிழ்க் குரலும் வந்துவிட்டது. ஆம், மரியதாஸ் என்பவர் ஆந்திரக் கரையில் மீட்கப்பட்டு, ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கப்பட்டு, இப்போது சுகமாகத் தடுப்பில் இருக்கிறார். எங்கள் நாட்டு அதிகாரி ஒருவர் நேரில் போய்ச் சந்தித்திருக்கிறார். கனகராசா எழுந்து நின்று, "ஆள் இருக்கிறார்! ஆள் இருக்கிறார்!" என்று தெருவுக்குக் கேட்கக் கத்தினார். ஜெசிந்தா மாமியாருக்குத் தொலைபேசி எடுத்து, "மாமி, ஓமாம்" என்றாள்.  முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிறிதுநேரம் சுவரோடு சாய்ந்து நின்றாள். நானும் கனகராசாவும் வெளியே வந்து, வெள்ளம் எப்போது வடியும் என்பதைப் பற்றிக் கதைத்தோம்.

அவள் வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள். படகு நேரத்தைப் பார்த்தாள்.

"எப்ப விடுவினம் எண்டு அந்த மனுசன் வாசிக்கேல்லை, கவனிச்சனீங்களோ, அண்ணை? இனி அதை எழுதுங்கோ. நான் மத்தியானப் படகுக்குப் போகவேணும், ஆனால் நீங்கள் எழுதினதை வாசிச்சுப் பாத்துப்போட்டுத்தான் போவன்."

‘ஆம்’ என்ற ஒரு சொல்லுக்கே இரண்டு அமைச்சும் இரண்டு கட்சியும் தேவைப்பட்டதால், ‘எப்போது’ என்பதற்கு எத்தனை வேண்டிவரும் என்று தெரியாமல், இப்போதெல்லாம் காலையில் கனகராசாவின் அலுவலகத்தில் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் என் மேசைக்கு வருகிறேன்.